குதிரைக்கு அடுத்த பெயர்

போலோக் கோப்பையின் வரலாறு என்று கிளப் வெளியிட்ட தடித்த புத்தகத்தை, லண்டன் லூயிஷாம் வீட்டு மேசையில் வைத்தார் பஸ்தியாம்பிள்ளை. கிளப்பின் குதிரை லாயத்தைக் கூட்டுவது அவர் வேலை.

"தொண்ணூறாம் ஆண்டு பைனல். வெண்ட அணியின்ர குதிரையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன், பார்."

மனைவி மெற்றில்டா குனிந்து பார்த்தாள். "கீழ உங்கட பேரும் இருக்கோ?"

"நான் என்ர பேர் குடுக்கேல்லை. பேர் கேக்கிற வெள்ளைக்காரனை நம்பேலாது."

"விசா கிடைச்சு மூண்டு வருசமாச்சு. இன்னும் பயமோ? குதிரைக்குக்கூடப் பேர் போட்டிருக்கிறாங்கள்!"

"கத்தாதை. எனக்கு இங்கிலிஸ் வாசிக்கத் தெரியாது. குடுத்த பேரைப் பிழையில்லாமல் போட்டிருக்கிறாங்களோ எண்டு சொல்லு."

அவள் கண்ணாடியை மாட்டி, குதிரையின் பெயருக்கு அடுத்ததை எழுத்துக்கூட்டினாள்.

"அருள்நேசன் பஸ்தியாம்பிள்ளை."

மன்னாரில் இராணுவம் ஜீப்பில் ஏற்றிப் போன மகன். அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை என்றே முகாமில் ஆறு வருடமாகச் சொல்கிறார்கள்.

"பிழையில்லை," என்றாள்.

"அப்ப சரி. இனி அந்தப் பேரில ஒருத்தரும் இல்லையெண்டு எவனும் சொல்லேலாது."