முதல் மரக்கால்

விடுப்பில் தாராசுரம் பக்கத்துச் சொந்த ஊருக்கு வந்திருந்தாலும், ஜெர்மனி ஆய்வகத்தில் நடக்கும் தன் சோதனையைச் சுடர்விழி லேப்டாப்பில் கண்காணித்துக்கொண்டிருந்தாள். எலக்ட்ரான்களை முழுக்க இழந்த யுரேனிய அயனிகள் அங்கே சுற்றுகின்றன. ஓர் அயனி ஓர் எலக்ட்ரானைப் பிடித்தால், எக்ஸ்-கதிராக ஓர் ஒளி வெளிப்பட வேண்டும். நான்கு நாட்களாக அன்றைய முதல் பிடிப்புக்கு மட்டும் ஒளி பதிவாகவில்லை.

அங்கே பணியில் இருந்த இனியவன்தான் அந்தப் பதிவை அழிக்கிறான் என்று நினைத்தாள். முடிவு பிசகினால் போவது அவளுடைய மூன்று வருட உழைப்பு.

வாசலில், நெல் அளக்க வந்திருந்த தியாகேசன், அவள் வீட்டு நெல்லை மரக்காலால் அளந்து சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தார். அந்த ஊர்ப் பக்கம் முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணுவதில்லை, "லாபம்" என்பார்கள். இரண்டிலிருந்துதான் எண். தினமும் காலை பத்து மணிக்கு அவர் "லாபம்" என்ற அதே நொடியில்தான் ஒளி தவறியிருந்தது. அதைக் கவனித்தபின் அவளுக்கு இனியவன் மேலிருந்த சந்தேகம் வாசல் பக்கம் திரும்பியது.

ஐந்தாம் நாள் இனியவனைப் போனில் அழைத்தாள்.

"நான் சொல்ற வரைக்கும் அயனி பீமை விடாதே. ஏன்னு கேக்காதே."

பத்து மணி ஆயிற்று. வாசலில் குரலே இல்லை. எட்டிப் பார்த்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. தியாகேசன் நிறைந்த மரக்காலை ஏந்தியபடி அசையாமல் நின்றிருந்தார்.

"ஏண்ணே, அளக்கலையா?"

அவர் காலிச் சாக்குக்குள் குனிந்து பார்த்தார்.

"இன்னிக்கு இன்னும் வெளிச்சம் வரலையேம்மா."