காலடி படாத ஈரம்

"எவன் வந்து தண்ணி ஊத்தினது?"

டிரைவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஓடி வந்தாள்.

மழையில்லாமல் ஊரே வெடித்துக் கிடந்தது. டிரைவர் தோட்டத்தில், பக்கத்து வீட்டுச் சுவரோரம் நின்ற காட்டுப்பூச்செடியின் அடி மட்டும் சொதசொதவென்று நனைந்திருந்தது. கேட் பூட்டியது பூட்டியபடி. சுற்றிலும் புழுதி. அதில் ஒரு காலடிகூட இல்லை.

"நாலு நாளா இப்படித்தான். இலையெல்லாம் மஞ்சளாப் போச்சு."

"தண்ணி ஊத்தினா நல்லதுதானே, டிரைவரண்ணே?"

"இது வெயில் குடிச்சு வளர்ற செடிம்மா. தண்ணி காட்டினா வேர் அழுகிரும்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்க வீட்டக்கா ஆசையா வச்ச செடியாச்சே... அவங்க போயி மூணு மாசம்கூட ஆகல. ஒருவேளை அவங்களே..."

"செத்தவளுக்கு வேற வேலையில்லையா? எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற சனியன் வேலை!"

அந்தப் பக்கம் இருந்தது அவர் தம்பி. சுவரை ஓரடி தள்ளிக் கட்டிவிட்டான் என்று பதினோரு வருஷமாகப் பேச்சில்லை.

மறுநாள் மத்தியானம், கையில் கழியோடு சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் பதுங்கினார். தெருவில் ஈ காக்கா இல்லை.

"அண்ணி..."

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். தோட்டத்தில் யாருமில்லை. காற்றும் இல்லை. செடி மட்டும் மெல்லத் தலையாட்டியது.

"குடிங்க, அண்ணி."

அப்போதுதான் பார்த்தார். சுவர் மேலிருந்து ஒல்லியாக ஒரு ரப்பர் குழாய், பாம்பு மாதிரி இறங்கியிருந்தது. அதன் வாயிலிருந்து சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"கடைசி நாள் தண்ணி தண்ணின்னு கேட்டீங்களே, இங்க வரைக்கும் கேட்டுச்சு. செம்போட ஓடி வந்தேன். அண்ணன் கேட்டைத் திறக்கல. இது எனக்குக் குளிக்க வச்ச தண்ணியிலதான்... அரைச் செம்பு. குடிங்க, அண்ணி."

கழி கையிலிருந்து நழுவியது. 'டேய்' என்று கூப்பிட வாய் திறந்தார். பதினோரு வருஷத்து வீம்பு விடவில்லை.

சாயங்காலம் செடியை வேரோடு எடுத்து, வாசல் பக்கம் காய்ந்த மண்ணில் நட்டார். சுவரோரம் காலியாய்க் கிடந்த குழியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்படியே நர்சரிக்கு நடந்தார்.

"இந்தப் பஞ்சத்துல என்ன செடி வேணும், டிரைவரே?"

"தினமும் அரைச் செம்பு தண்ணி ஊத்தலேன்னா வாடிப்போற செடியா ஒண்ணு குடுப்பா."