பக்கத்து நிறம்

ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள். அணைத்த வேகத்தில் அது கையோடு வந்திருக்கும்.

அந்தப் பெரிய பிரிண்டர் ஒரு முனகலோடு நின்றது. பாதி பேனர் வெளியே தொங்கியது. மணப்பெண்ணின் நெற்றி மட்டும் அச்சாகியிருந்தது, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி.

"யாரு இந்த முகத்துல கை வெச்சது?"

"பார்ட்டிதான் மேடம் செவப்பாக்கச் சொன்னாரு" என்றார் புது ஆபரேட்டர்.

பார்ட்டி, கையில் டீயோடு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா.

"தப்பா எடுத்துக்காதீங்க. மேடையில நிக்கப்போற பேனர், நாலு பேர் பாக்கறது. பொண்ணு கொஞ்சம் செவப்பாத் தெரிஞ்சா என்ன குறைஞ்சுபோச்சு?"

நாக்கு நுனிவரை வந்த பதிலைக் கடித்து நிறுத்தினாள். இந்த மனிதரைப் பகைத்துக்கொள்ள முடியாது. அந்த முகத்தில் ஒரு புள்ளியை மாற்றவும் முடியாது.

கை வைக்காத பழைய படத்தைத் திறந்தாள். வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு சிரிப்பு.

செவப்பு.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இதே வார்த்தையை முதலாளி சொன்னார். இவளும் அப்பாவியாகச் சிவப்பை ஏற்றினாள். திரையில் ஒரு மணப்பெண் மிளகாய்ப்பழமாகி முறைத்தாள். ஆபீசே உருண்டு புரண்டு சிரித்தது.

சிரிக்காதவன் ஒருவன்தான். பக்கத்து நாற்காலிக்காரன். இரண்டு பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர். ஆபீஸ் அவனுக்கு வைத்த பெயர் 'மசி'. நிறம் அப்படி.

அன்று சாப்பிட்டுக் கை அலம்பி வந்தவன், மஞ்சள் அட்டை ஒன்றின்மேல் கையைக் கவிழ்த்து வைத்தான். கரிக்கட்டை. அதே கையைக் கருநீல அட்டைக்கு மாற்றினான். செம்பு தேய்த்துக் கவிழ்த்த மாதிரி பளிச்சென்று மேலே எழுந்து வந்தது.

"பாத்தியா? நானும் செவப்புதான். என்னை எங்க வெக்கிறதுன்னு எவனுக்கும் தெரியல, அவ்ளோதான்!"

அதற்குச் சிரித்தவள் அவள் மட்டும்தான்.

ஆரஞ்சுக்கு எதிரே நீலம், இருட்டுக்குப் பக்கத்தில் வெளிச்சம் என்பதையெல்லாம் பிறகு புத்தகத்தில் படித்தாள். ஆனால் பாடம், ஈரம் காயாத அந்தக் கையிலேயே முடிந்துபோயிருந்தது.

இப்போது விரல்கள் தாமாக ஓடின. பின்னணியில் இருந்த வெளிர்மஞ்சள் போய்க் கருநீலம் வந்தது. பெண்ணை ஒட்டி நின்ற மாப்பிள்ளையின் வெள்ளைக் கோட்டும் சாம்பல்நீலமானது. அதற்கு அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. முகத்தின் பக்கம் மட்டும் அம்புக்குறி போகவே இல்லை.

பார்ட்டி எழுந்து வந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். திரைக்கு அருகே குனிந்தார்.

அவள் நாற்காலியை நகர்த்தி அவருக்கு வழிவிட்டாள்.

"அட, இதைத்தானே சொன்னேன்! லட்சணமா, செவப்பா... என்ன பண்ணுனீங்க, சம்பந்தியம்மா?"

பிரிண்ட் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க. அவ அப்பா எனக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போனது."