பன்னிரண்டு கிராம்

நடுவரம்மா வருவதற்கு இன்னும் மூன்று மேசைதான் பாக்கி. அறிவியல் வாத்தியார் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடினார்.

அறிவியல் கண்காட்சி அரங்கமே அமர்க்களப்பட்டது. ஒரு காகித ராக்கெட் விட்டத்தில் போய்ச் செருகிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. ஒரு மேசையில் சோப்பு நுரை பொங்கி, பக்கத்து மேசைச் சூரிய அடுப்பை நனைத்து, இரண்டு அணிக்கும் வாய்ச்சண்டை.

வாத்தியாருக்கு இந்தச் சத்தம் என்றால் உயிர். பதினோரு வருடமாகப் பிள்ளைகளுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்து, அட்டை வெட்டிக் கொடுத்து, மூன்று நிமிடத்தில் பேசி முடிக்கப் பழக்கி இங்கே கூட்டி வருகிறவர்.

இன்றைக்கு மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏறியவர் மாதிரி நின்றார்.

பக்கத்தில் தராசு நின்றாள். ரொட்டிக்கடைக்காரியின் மகள். கடைத் தராசைத் தூக்கி வந்து சாக்பீஸைக்கூட விடாமல் எடை போடுகிறவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? போன வருடம் கண்காட்சியன்று காய்ச்சலில் படுத்துவிட்டாள். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். அடுத்த சுற்றுக்கான பச்சை அட்டையை வாங்கினால் இன்றைக்கு வாங்கினதுதான்.

அவளுடைய திட்டம் எளிது. இரண்டு தொட்டியில் அவரைச் செடி. ஒன்றுக்குத் தினமும் அளந்து தண்ணீர். மற்றதற்குச் சொட்டுக்கூடக் கிடையாது. எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க வேண்டும். அந்தத் தொட்டியில் ஒரு சீட்டு செருகினாள்: 'ஆய்வுச் செடி. தண்ணீர் ஊற்றாதீர்கள்.'

"எவனாவது ஊத்தினீங்க, தோலை உரிச்சிடுவேன்" என்று பள்ளிக்கூடத்துக்கே கேட்கும்படி கத்தியவர் யார்? சாட்சாத் இதே வாத்தியார்தான்.

நான்காம் நாள் மத்தியானம் அந்தச் செடி தலையைத் தொங்கப்போட்டது. ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லை. வாத்தியாருக்கு மனசு கேட்கவில்லை. தன் தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஒரே ஒரு மூடி பிடித்து ஊற்றினார்.

அதோடு நிறுத்தினாரா மனுஷன்? ஒன்பது தடவை!

செடியானால் சாகிற வழியைக் காணோம். மூன்று வாரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறிவிட்டது. ஒன்பது மூடித் தண்ணீருக்கா இந்த ஆட்டம் என்று அவருக்கே திகைப்பு.

இடையில், ஐந்தாம் நாள், தராசு மூன்றாவதாக ஒரு தொட்டியைக் கொண்டுவந்து சீட்டு இல்லாமல் பக்கத்தில் வைத்தாள். எதற்கு என்றால், "சும்மா இருக்கட்டும் சார்" என்றாள். அதற்கும் அவள் தண்ணீர் விடவில்லை. அது பாட்டுக்குக் காய்ந்து சருகானது. அப்புறம் மணி அடித்தால் போதும், தராசோடு ஓடி வந்து எதையோ எடை போட்டு நோட்டில் குறித்துக்கொண்டு ஓடுவாள். விளக்க அட்டையை வீட்டிலேயே எழுதி, இதுவரை கண்ணில் காட்டாமல் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். காட்டு என்று அதட்ட அவருக்கு எந்த முகம் இருக்கிறது?

நடுவரம்மா வந்தே விட்டார். கண் நேராகப் போனது அந்தச் செடிக்குத்தான்.

"தண்ணியே ஊத்தாததுன்னு சொல்றீங்க. இப்படித் தளதளன்னு நிக்குதே?"

போச்சு. பிள்ளையின் உழைப்பையே கெடுத்துவிட்டோம். ஒப்புக்கொண்டுவிடுவோம் என்று வாத்தியார் வாயைத் திறந்தார். "மேடம், அது வந்து..."

தராசு துணியை இழுத்தாள். அட்டையில் கொட்டை எழுத்தில் தலைப்பு: 'ஊற்றாதீர்கள் என்று எழுதினால் எத்தனை பேர் ஊற்றுவார்கள்?'

"நாலாம் நாள் சாயங்காலம் தொட்டி காலைல இருந்ததைவிடக் கனமா இருந்துச்சு மேடம்!" மூச்சுவிடாமல் பேசினாள். "உடனே கேள்வியையே மாத்திட்டேன். ஒண்ணை மட்டும் மாத்து, மத்ததை அப்படியே வைன்னு எங்க சார் சொல்லுவாரு. அதனால சீட்டு மட்டும் இல்லாம அதே மாதிரி இன்னொரு தொட்டி வெச்சேன். சீட்டு இல்லாததை ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. சீட்டு வெச்சதுக்கு நாப்பத்தோரு தடவை ஊத்தியிருக்காங்க!"

கீழே, தடவைக்கு எவ்வளவு எடை கூடியது என்ற பட்டியல். நூற்றைம்பது கிராம், பதினெட்டு தடவை. சாமான் தூக்கி வந்த பள்ளிக்கூடக் காவலாளி சட்டென்று விட்டத்து ராக்கெட்டை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார். அறுபது கிராம், பதினான்கு தடவை. கூட வந்திருந்த தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பன்னிரண்டு கிராம், ஒன்பது தடவை.

வாத்தியார் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

நடுவரம்மா சிரித்த சிரிப்பில் நுரைச் சண்டையே நின்றுபோனது. "யார் யாருன்னு தெரியுமாம்மா?"

"தெரியாது மேடம். எடை மட்டும்தான் தெரியும்."

பச்சை அட்டையை அந்த மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார் நடுவரம்மா. ஐயோ, வாத்தியார் குதித்த குதி! காவலாளியைக் கட்டிப்பிடித்தார், தலைமையாசிரியைக்குக் கை கொடுத்தார், யாருடைய சூரிய அடுப்பையோ தட்டிவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் தராசு சீட்டு வைத்த தொட்டியைத் தூக்கித் தராசில் வைத்தாள். எண்ணைப் பார்த்தாள். அப்புறம் தலையை நிமிர்த்தாமலே மெல்லக் கேட்டாள்.

"சார், இன்னிக்குப் பன்னெண்டு கிராம் இன்னும் வரலையே?"