ஆற்றுக்கு வழி

ஜாதகமும் போட்டோவும் மட்டும்தான் வந்திருந்தன. பெண் பார்க்க வரச் சொல்லும் முன் மாப்பிள்ளைப் பையனைப் பற்றித் தெருவில் விசாரித்துவிடலாம் என்று வேணுகோபாலும் சங்கரியும் அவன் ஊரான ஓரிக்கைக்கு வந்தார்கள். யாராவது கேட்டால் பாலாற்றைப் பார்க்க வந்ததாகச் சொல்வது என்று ஏற்பாடு.

தெருவே அமைதியாக இருந்தது. குழாயடியில் மட்டும் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, இங்க தினேஷ்னு ஒரு பையன், கம்பெனியில வேலை பாக்குறானாமே. எப்படி?” என்றாள் சங்கரி.

“பொண்ணு குடுக்கவா?”

“ஆமாம்மா.”

அவள் தெருக்கோடியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “வேணாம்மா. குடிச்சா எதிர்ல யாருன்னு பாக்க மாட்டான், அடிப்பான்.”

வேணுகோபால் முகம் சுளித்தார். “தரகர் நல்ல குடும்பம்னு சொன்னாரே. உங்களுக்கும் அவங்களுக்கும் ஏதாவது தகராறா?”

“தகராறுலாம் இல்லீங்க.” முழங்கையில் காயத்துக்குப் போட்டிருந்த துணிக்கட்டை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

ஒரு பைக் வந்து நின்றது. போட்டோவில் பார்த்த அதே முகம்.

“எம்மா, நம்ம வீட்டைப் பூட்டிக்கினு வந்து இங்க என்ன பேச்சு? யார் இவங்க?”

அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். “ஆத்துக்கு வழி கேட்டாங்கப்பா.”

சங்கரி அவள் முகத்தையே பார்த்தாள்.

“ஆமாம்பா. அம்மா வழி சொல்லிட்டாங்க,” என்றாள்.