பத்து நிமிடக் குரல்

தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் மனைவி பூங்கோதைக்குப் பேச்சு போய்விட்டது. கழுத்தில் ஒரு கருவி வைத்தால் அவள் குரலிலேயே பேசலாம், பழைய பதிவு பத்து நிமிடம் வேண்டும் என்றார் டாக்டர்.

"இருபது வருஷ வீடியோ வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருக்கு" என்றேன் பெருமையாக.

எல்லாமே அவள் எடுத்தவை. எடுக்கும்போது கேமராவுக்குப் பின்னால் ஓயாமல் பேசுவாள். படம் கெடுகிறது என்று அந்தப் பேச்சை அழித்துவிட்டு, கம்ப்யூட்டரில் நானே அமைத்த புல்லாங்குழல் இசையைச் சேர்ப்பேன். அசலை வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை. மகளின் காதுகுத்து, பழனி, புதுவீடு, எதைத் திறந்தாலும் என் புல்லாங்குழல்தான் கேட்டது.

தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அவள் தன் போனை நீட்டினாள். மகளிடம் புகார் சொல்ல எடுத்த வீடியோ. கம்ப்யூட்டர் முன்னால் என் முதுகு மட்டும் தெரிகிறது.

"பாருடி உங்கப்பாவ. நாலு தரம் கூப்பிட்டாச்சு, தோசை ஆறிப்போச்சு, அந்தக் குழலை விட்டு நகர மாட்டேங்கறாரு."

பதினோரு நிமிடம் திட்டியிருந்தாள்.

அந்தக் குரலில்தான் இப்போது பேசுகிறாள். வெந்நீர் கேட்டால்கூடத் திட்டுவது போலவே இருக்கிறது. குழலிசையை நீக்கிவிட்டு, ஒவ்வொரு படத்தையும் போட்டுக் காட்டி, அவளை மறுபடி பேசவைத்துப் பதிகிறேன்.

காதுகுத்துப் படம் வந்தது. அதில் மகளை மறைத்தபடி நான் நின்றிருந்தேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, புள்ள மறையுது" என்றாள்.

நாற்காலியோடு தள்ளி உட்கார்ந்தேன்.