பாலம் திறக்கும் வரை

“கடல் வழியா போனா அரை மணி நேரத்துல கரை சேர்ந்துடலாம். எதுக்கு சார் இந்தக் கால்வாய்ல வந்து மாட்டிக்கிறீங்க?” என்று சலித்துக்கொண்டார் பல் டாக்டர். படகுக்காரரோடு அவருக்கு இரண்டு மாதப் பழக்கம்தான். அதற்குள் இந்தப் பாலத்தின் முன் காத்துக்கிடப்பது இந்த வாரத்தில் மட்டும் மூன்றாவது முறை.

படகுக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ரேடியோவை எடுத்தார்.

“பாய்மரப் படகு ஒண்ணு காத்திருக்கு. பாலத்தைத் திறக்க முடியுமா மேடம்?”

“பத்து நிமிஷம் ஆகும். ஓரமா நில்லுங்க,” என்றது ஒரு பெண் குரல், கறாராக.

“அங்க காத்து பலமா இருக்குங்களா மேடம்?”

“மிதமாத்தான் இருக்கு.”

“ரொம்ப நன்றி மேடம்.”

டாக்டர் சிரித்துவிட்டார். “காத்து உங்க மூஞ்சியிலயேதான அடிக்குது! இந்த வயசுல யார்கிட்ட சார் வழியுறீங்க?”

வாத்தியார் பாலத்தை இயக்கும் அறையின் கண்ணாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் பொண்ணு சார். அவ கல்யாணத்துக்கு நான் போகல. மூணு வருஷமா என் போனை எடுக்கிறதில்ல. ரேடியோவுல கூப்பிட்டா பதில் சொல்லித்தானே ஆகணும்?”

பாலம் மெல்ல இரண்டாகப் பிரிந்து உயர்ந்தது. படகு அதைக் கடக்கும்போது ரேடியோ மறுபடி கரகரத்தது.

“நாலு மணிக்கு என் டியூட்டி முடியுது. கீழ படித்துறையில நிக்கிறேன்.” குரல் சற்றுத் தயங்கியது. “வந்து ஏத்திக்கங்கப்பா.”

வாத்தியார் ரேடியோவை டாக்டரிடம் நீட்டிவிட்டு, சட்டைக் காலரை மறுபடி சரிசெய்துகொண்டார். டாக்டர் அதை வாங்கி, “வந்துடுறோம்மா,” என்றார்.